கடதாசியில் வரைந்த கோட்டைக் கணினிக்குக் கொண்டுசெல்லல்: டிஜிட்டல் பேனையா, வரைபலகையா?

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் சித்திர வகுப்பில், உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்த பிள்ளைகளும், வேலைக்குப் போய்க்கொண்டே வரையப் பழகும் பெரியவர்களும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கடதாசியில் வரையும்போதே கோட்டைப் பதிந்து கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ அனுப்பும் டிஜிட்டல் பேனையை வாங்குவதா, கணினியோடு இணைத்து வரையும் வரைபலகையை வாங்குவதா என்பதே அந்தக் கேள்வி. இரண்டையும் நான் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். தமக்குப் பொருந்தாததை வாங்கி மேசை இலாச்சிக்குள் போட்டு வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்த வேலைக்கு எது பொருந்தும், வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும், வாங்கிய பின் எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டிஜிட்டல் பேனை பதிவது கை சென்ற வழியை மட்டுமே என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முனை தாளில் எங்கே பட்டது, எந்தத் திசையில் எவ்வளவு அழுத்தத்துடன் நகர்ந்தது, எங்கே தாளை விட்டு எழுந்தது ஆகியவைதாம் அதன் நினைவகத்தில் சேரும். விரலால் தேய்த்துக் கொண்டுவந்த நிழல், நீர்வர்ணம் பரவிய இடம், ரப்பரால் அழித்த பகுதி எதுவும் அதற்குத் தெரியாது. பென்சிலின் கருமையையும் தாளின் சொரசொரப்பையும் நம்பி வரைபவர், அந்தப் பேனை அனுப்பிய கோப்பைத் திரையில் திறந்து பார்த்ததும் ஏமாந்துபோவார்; அவருடைய படத்தின் எலும்புக்கூடு மட்டுமே அங்கே இருக்கும். வரைபலகையில் நிலைமை வேறு. அங்கே தாள் இல்லை. கோடு பிறப்பதும் நிறம் பெறுவதும் அழிக்கப்படுவதும் முடிவதும் திரையிலேயே நடக்கின்றன. ஆகவே உங்கள் வேலையில் கோடு தாளில் பிறந்தே ஆக வேண்டுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் நிறைவுற்ற சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலை நான் பல தடவை வரைந்திருக்கிறேன். வண்டி தள்ளும் நாட்டாமைமாரும் சாமான் வாங்க வந்தவர்களும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் மடிக்கணினியை விரித்து வைத்து வரைய முடியாது. சுவரோரமாக நின்றபடி, கையில் ஒரு கொப்பியோடும் பேனையோடும் கால் மணித்தியாலத்தில் கோபுரங்களின் அளவையும் வளைவுகளின் வரிசையையும் பிடிப்பதற்கு டிஜிட்டல் பேனை மிக நன்றாக உதவியது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அழகு முழுவதும் செங்கல் வரிகளின் நிற ஒழுங்கில் இருக்கிறது. அதை வீட்டில் வரைபலகையில்தான் கொண்டுவர முடிந்தது. வெளியில் நின்று விரைவாகக் கோடு பிடிப்பவர்களுக்கு, குறிப்பாகக் கட்டடக்கலை மாணவர்களுக்கும் படத்தோடு குறிப்பும் எழுதுபவர்களுக்கும், பேனை பயன்படும். நிறம் தீட்டி முடித்த படத்தை அச்சுக்கோ இணையத்துக்கோ கொடுக்க விரும்புபவருக்கு வரைபலகையே வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம்

இரண்டில் எதையும் வாங்காமல் ஒரு மாதம் வேலை செய்து பார்க்குமாறு என் மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். சாதாரணத் தாளில், சாதாரணக் கறுப்புப் பேனையால் வரைந்து, அதைப் படியெடுத்துக் கணினியில் நிறம் தீட்டலாம். கொழும்பில் ஏறத்தாழ ஒவ்வொரு சந்தியிலும் இருக்கும் கொமியூனிகேஷன் கடைகளில் ஸ்கான் செய்து தருவார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று நீங்கள்தான் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், கடிதங்களுக்குச் செய்வதுபோல் குறைந்த தெளிவில் ஒரு பிடிஎஃப் கோப்பாக்கித் தந்துவிடுவார்கள், அதில் மெல்லிய கோடுகள் உடைந்துபோகும். அங்குலத்துக்கு 300 புள்ளிகள், முடிந்தால் 600 புள்ளிகள் என்ற அளவில், பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவத்தில், பென் டிரைவில் பதிந்து தருமாறு கேளுங்கள். ஏ4 தாள் ஒன்றை 300 புள்ளி அளவில் எடுத்தால் 2480க்கு 3508 படப்புள்ளிகள் கிடைக்க வேண்டும். கோப்பின் அளவைத் திறந்து பார்த்தாலே சரியாக எடுத்தார்களா என்பது தெரிந்துவிடும்.

கைத்தொலைபேசியால் எடுப்பதானால், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், காலை நேரத்தில், தாளைத் தரையில் சமமாக வைத்து, தொலைபேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். மிக நெருங்கிப் பிடித்தால் ஓரங்கள் வளையும். சற்று உயர்த்திப் பிடித்துப் பின்னர் வெட்டிக்கொள்வது நல்லது. பிறகு கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, ஒளி அளவுகளைச் சரிசெய்யும் லெவல்ஸ் வசதியால் தாளின் சாம்பல் நிறத்தை வெள்ளையாக்கி, அந்தப் பட அடுக்கை (லேயர்), வெள்ளை மறைந்து கோடு மட்டும் தெரியும் மல்டிப்ளை என்ற கலப்பு முறைக்கு மாற்றி, அதன் கீழே இன்னோர் அடுக்கில் நிறம் தீட்டலாம். மவுஸால் செய்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு அதிகம் சலிப்பூட்டியது எது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு தாளையும் படியெடுத்துச் சுத்தம் செய்வதே பெரும்பாடாக இருந்திருந்தால் டிஜிட்டல் பேனையைப் பற்றி யோசிக்கலாம். மவுஸால் நிறம் தீட்ட முடியாமல் தவித்திருந்தால் உங்களுக்கு வேண்டியது வரைபலகை. என் வகுப்பில் பெரும்பாலானவர்களின் பதில் இரண்டாவதாகவே இருந்தது.

டிஜிட்டல் பேனையின் உண்மையான விலை அதன் தாள்

பேனையைத் தெரிவு செய்பவர் அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதன் எல்லா வசதிகளும் எல்லாத் தொல்லைகளும் அதிலிருந்தே வருகின்றன. இன்று அதிகம் கிடைக்கும் வகையில், முனைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கமரா இருக்கும். தாளில் கண்ணுக்கு மெல்லிய சாம்பல் பூச்சாகத் தெரியும் மிக நுண்ணிய புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். சுவீடனின் அனோட்டோ நிறுவனம் உருவாக்கிய முறையில், இந்தப் புள்ளிகள் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்த ஒரு கற்பனைக் கட்டத்திலிருந்து இப்பக்கமோ அப்பக்கமோ, மேலோ கீழோ சற்று விலகி நிற்கும். அந்த விலகலே குறியீடு. நமது புள்ளிக்கோலத்தில் புள்ளியின் இடம் கோட்டுக்கு வழி சொல்வதுபோல, இங்கே ஒரு சிறு கூட்டப் புள்ளிகள் தாம் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைப் பேனைக்குச் சொல்லிவிடுகின்றன. 2008இல் வெளிவந்த லைவ்ஸ்கிரைப் பேனை இந்த முறையைப் பின்பற்றி, விநாடிக்கு 70க்கும் அதிகமான படங்களை எடுத்தது. கொரியாவின் நியோ ஸ்மார்ட்பென் என்கோட் எனப்படும் தன் சொந்தப் புள்ளி முறையைப் பயன்படுத்துகிறது. ஒன்றின் பேனை மற்றதன் கொப்பியை வாசிக்காது.

இதனால் நடைமுறையில் முதலாவதாக எழும் சிக்கல் தாள். பேனையை ஒரு தடவைதான் வாங்குகிறோம். கொப்பியை முடிய முடிய வாங்க வேண்டும், அது சாதாரணப் புத்தகக் கடையில் கிடைக்காது. என் முதல் பேனையோடு வந்த கொப்பி இரண்டு மாதத்தில் முடிந்துவிட்டது. அடுத்த கொப்பி வெளிநாட்டிலிருந்து பொதியாக வந்து சேர நான் வாரக்கணக்கில் காத்திருந்தேன், அதுவரை அந்தப் பேனை விலை கூடிய ஒரு சாதாரணப் பேனையாக என் பையில் கிடந்தது. வரைபவர் எழுதுபவரைவிட மிக வேகமாகத் தாளை முடிப்பார் என்பதையும் கணக்கில் எடுங்கள். கொப்பி தொடர்ந்து கிடைக்கும் வழி உறுதியாகத் தெரியாவிட்டால் இந்த வகைப் பேனையை வாங்க வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து.

சில நிறுவனங்கள் புள்ளித் தாளை நாமே அச்சிட்டுக்கொள்ள அனுமதிக்கின்றன. அப்படியானால் அங்குலத்துக்குக் குறைந்தது 600 புள்ளிகள் அச்சிடும் லேசர் அச்சுப்பொறியில்தான் அச்சிட வேண்டும். பேனையின் கமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. லேசர் அச்சின் கறுப்புத் தூளில் இருக்கும் காபன் அந்த ஒளியை உறிஞ்சுவதால் புள்ளிகள் கறுப்பாகத் தெரியும். சாயத்தால் ஆன இங்க்ஜெட் மை அந்த ஒளிக்கு ஏறத்தாழத் தெரியாமலே போகலாம். தாளை அச்சிடும்போது பக்க அளவைச் சுருக்காமல், 100 வீத அளவிலேயே அச்சிடுமாறு அமைக்கவும் மறக்கக் கூடாது; சிறிது சுருங்கினாலும் புள்ளிகளின் இடைவெளி மாறிவிடும்.

கமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் அதே காரணத்தால் இன்னொரு விதியும் உண்டு. வரைபவர்கள் அதை அறியாமல்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். டிஜிட்டல் பேனையோடு வரும் மை, காபன் இல்லாத மையாகும். நாம் வரைந்த கோடு கமராவின் கண்ணுக்குத் தெரியாமல், அதன் அடியிலுள்ள புள்ளிகள் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆகவே வேறு நிறுவனத்தின் கறுப்பு மைக்குழாயை அதில் பொருத்த வேண்டாம். பென்சிலால் முதலில் அழுத்தமாக வரைந்துவிட்டு அதன்மேல் டிஜிட்டல் பேனையால் இறுதிக் கோடு போடும் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பென்சிலின் கரியும் காபன்தான். அது புள்ளிகளை மூடிவிட்டால் பேனை அந்த இடத்தில் வழி தெரியாமல் கோட்டை விட்டுவிடும். முன்வரைவு தேவையென்றால் மிக மெல்லிய கோட்டோடு நிறுத்துங்கள், அல்லது வெளிர் நீல நிறப் பென்சிலைப் பயன்படுத்திப் பாருங்கள்.

ஒரே பக்கத்தை இரண்டாம் தடவை பயன்படுத்தும் விடயமும் முக்கியமானது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு. அதே வகைக் கொப்பியில் இரண்டாவது பிரதியை வாங்கித் தொடங்கினால், அதன் முதலாம் பக்கத்தின் முகவரியும் பழைய கொப்பியின் முதலாம் பக்கத்தின் முகவரியும் ஒன்றாக இருக்கக்கூடும். அப்போது புதிய கோடுகள் பழைய படத்தின்மேலேயே ஏறிவிடும். இதைத் தவிர்க்க, புதிய கொப்பியைத் திறக்கு முன் செயலியில் பழைய கொப்பியைச் சேமிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். நாமே அச்சிட்ட தாளைப் பல பிரதி எடுக்கும்போதும் இதே நிலைதான்.

வரையும்போது பேனையை மிகவும் சாய்க்காமல், கமராவின் வாயை விரல் மறைக்காமல் பிடியுங்கள். தாளைத் திருப்பித் திருப்பி வரையலாம். புள்ளிகள் இடத்தைச் சொல்லிவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை. அழிக்க முடியாது என்பதால் தவறான கோட்டைத் தாளில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே சரியான கோட்டை இழுத்துச் செல்லுங்கள். பின்னர் செயலியில் அந்தக் கோட்டைத் தனியே தெரிவு செய்து நீக்கலாம். கோப்பை வெளியே எடுக்கும்போது, வசதி இருந்தால், எஸ்விஜி வடிவத்தில் எடுங்கள். அதில் கோடுகள் கோடுகளாகவே இருக்கும், இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் தனித்தனியே நகர்த்தவும் தடிப்பாக்கவும் முடியும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பிஎன்ஜி மட்டுமே தரும் செயலியானால், கிடைக்கும் மிகப் பெரிய அளவில் எடுங்கள்.

புள்ளித் தாள் இல்லாமலே வேலை செய்யும் பேனைகளும் உண்டு. 2011இல் வாகொம் நிறுவனம் வெளியிட்ட இங்க்ளிங் என்ற பேனையோடு, தாளின் ஓரத்தில் கவ்வி வைக்கும் சிறிய பெட்டி ஒன்று வந்தது. பேனை அனுப்பும் செவிக்கு எட்டாத ஒலியலையையும் அகச்சிவப்பு ஒளியையும் அந்தப் பெட்டி பெற்று முனையின் இடத்தைக் கணித்தது. எந்தத் தாளிலும் வரையலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் கை இடையில் மறைத்தாலோ பெட்டி சற்று நகர்ந்தாலோ கோடு விலகிவிடும். அது இப்போது உற்பத்தியில் இல்லை. பழைய பொருளாகக் கிடைத்தால் வாங்குவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் இந்தப் பேனைகள் யாவும் தம் செயலியை நம்பியே உயிர் வாழ்கின்றன. புதிய விண்டோஸிலோ அண்ட்ராய்டிலோ அந்தச் செயலி இயங்காமல் போன நாளில் பேனையும் பயனற்றுவிடும். எந்தப் பேனையை வாங்குவதாயினும், அதன் செயலி அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பிளே ஸ்டோரில் திகதியைப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.

தாளுக்கு அடியில் பலகை இருப்பது இன்னொரு வகை. வாகொம் 2017இல் வெளியிட்ட இன்டியூஸ் புரோ என்ற வரைபலகையின் பேப்பர் எடிஷனில், சாதாரணத் தாளைப் பலகையின்மேல் கவ்வி, மை முனையுள்ள அதற்குரிய பேனையால் வரைந்தால், பலகை தாளை ஊடுருவி முனையின் இடத்தை உணர்ந்துகொள்ளும். தாளை நீக்கிவிட்டால் அதுவே வரைபலகை. தாளையும் திரையையும் ஒருங்கே விரும்புபவருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. விலைதான் பெரும்பாலானோருக்குத் தடையாக இருந்தது.

வரைபலகையைத் தெரிவு செய்தல்

கடையில் டேப்லட் வேண்டும் என்று மட்டும் கேட்டால் அண்ட்ராய்டு டேப் ஒன்றைக் காட்டுவார்கள். கிராபிக்ஸ் டேப்லட் அல்லது பென் டேப்லட் என்று கேளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவைப் போன்ற, கணினிக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடத்துக்கு ஒரு வார நாளில் சென்றால், நெருக்கடி இல்லாமல் சோதித்துப் பார்க்கலாம். பெட்டியைத் திறந்து காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

வரைபலகையில் திரை இல்லாதது, திரை உள்ளது என இரண்டு வகை உண்டு. திரை உள்ளதில் முனை படும் இடத்திலேயே கோடு தெரியும். அதற்கு விலையும் மின்சாரமும் மேசை இடமும் கூடுதலாக வேண்டும். தொடக்கத்தில் திரை இல்லாத வகையே போதும் என்று நான் நம்புகிறேன். பலகையில் கையும் திரையில் கண்ணுமாக இருப்பது முதல் சில நாள்கள் அந்நியமாகத் தோன்றினாலும், இரண்டு மூன்று வாரத்தில் கை தானாகப் பழகிவிடும். குனியாமல் நிமிர்ந்து இருந்து வரையலாம் என்பதால் கழுத்துக்கும் நல்லது.

இப்பலகைகளில் பெரும்பாலானவற்றின் பேனைக்குப் பற்றரி தேவையில்லை. பலகையின் அடியில் உள்ள கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்து பேனைக்குள் இருக்கும் சுருள் சக்தி பெற்று, பதிலுக்குச் சைகை அனுப்புகிறது. 1983இல் யப்பானில் தொடங்கப்பட்ட வாகொம் இந்த முறையில் முன்னோடி. இப்போது ஹுயோன், எக்ஸ்பி-பென் ஆகியவையும் பற்றரி இல்லாத பேனைகளைத் தருகின்றன, விலையும் குறைவு. கையின் அழுத்தத்தைப் பேனை எத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் அழுத்த நிலைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். வாகொமின் சிறிய இன்டியூஸில் 4096 நிலைகளும் இன்டியூஸ் புரோவில் 8192 நிலைகளும் உள்ளன. இந்த வேறுபாட்டைக் கையால் உணர்ந்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. கையால் உணரக்கூடியது, கோடு தொடங்குவதற்கு எவ்வளவு மென்மையான தொடுகை போதும் என்பதுதான்.

கடையில் அதைத்தான் சோதிக்க வேண்டும். மூச்சுப்படுவதுபோல் மெல்லத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். உடனே தோன்றுகிறதா, சற்றுத் தள்ளித் தோன்றுகிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் அடிமட்டத்தை மூலைவிட்டமாக வைத்து அதன் ஓரமாக மிக மெதுவாகக் கோடு இழுங்கள். விரைவாக இழுத்த கோடு எந்தப் பலகையிலும் நேராகவே வரும். மெதுவாக இழுத்த மூலைவிட்டக் கோட்டில்தான் அலை போன்ற நடுக்கம் வெளிப்படும். பலகையின் நான்கு மூலைகளிலும் இதைச் செய்யுங்கள். மேலதிக முனைகள் பெட்டியில் எத்தனை உள்ளன, தனியே கொழும்பில் கிடைக்குமா, உத்தரவாதம் உள்ளூர் முகவருடையதா என்பவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை, சிறிய இன்டியூஸின் வரையும் பரப்பு 152க்கு 95 மில்லிமீற்றர். 2017இல் வெளிவந்த நடுத்தர இன்டியூஸ் புரோவின் பரப்பு 224க்கு 148 மில்லிமீற்றர். அது ஏறத்தாழ ஏ5 தாளின் அளவு. மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சிறிதாக வரைபவருக்குச் சிறியது போதும். கோலம் போடுவதுபோல் முழங்கையிலிருந்து கையை வீசி நீண்ட வளைவுகளை இழுப்பவர் சிறிய பலகையில் மிகவும் சிரமப்படுவார். உங்கள் கொப்பியில் நீங்கள் வழக்கமாக வரையும் உருவங்களின் அளவை அடிமட்டத்தால் அளந்து பார்த்து முடிவு செய்யலாம்.

முதல் நாள் அமைப்பு

பலகையைச் செருகியதும் வரையத் தொடங்கிவிட வேண்டாம். பழைய பலகையின் டிரைவர் (பலகையைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) கணினியில் இருந்தால் அதை முதலில் நீக்கி, கணினியை மீளத் தொடக்கி, உற்பத்தியாளரின் தளத்திலிருந்து உங்கள் மாதிரிக்கு உரிய புதிய டிரைவரைப் பதித்து, மீண்டும் ஒருமுறை தொடக்குங்கள். இரண்டு நிறுவனங்களின் டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போவது சாதாரணமாக நடப்பது. மக் கணினியில் அமைப்புகளில் அணுகல் அனுமதி கொடுக்காவிட்டால் பேனை அசையும், கோடு வராது.

அடுத்ததாக விகிதம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, தமக்கு வட்டம் வரைய வரவில்லை என்று மனம் வருந்தும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் கவலையாக இருக்கும், ஏனென்றால் தவறு அவர்களின் கையில் இல்லை. சிறிய இன்டியூஸின் பரப்பு 16க்கு 10 என்ற விகிதத்தில் உள்ளது; பெரும்பாலான திரைகள் 16க்கு 9. முழுப் பலகையையும் முழுத் திரைக்குப் பொருத்தினால், கை வரைந்த முழு வட்டம் திரையில் 100க்கு 11 பங்கு அகன்ற நீள்வட்டமாகிவிடும். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பேணும் தெரிவை இயக்குங்கள். பலகையின் அடியில் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் பட்டை பயன்படாமல் போகும், அதனால் நட்டமில்லை. பின்னர் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டமான அடியைப் பலகையில் வைத்துச் சுற்றி வரைந்து, திரையில் அதன் அகலமும் உயரமும் சமமாக இருக்கின்றனவா என்று அளந்து உறுதி செய்யுங்கள்.

கிரிட்டாவில் அழுத்தம் வேலை செய்யாவிட்டால், அமைப்புகளில் டேப்லட் பகுதிக்குச் சென்று, பேனையின் தகவலை மென்பொருள் பெறும் வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் ஆகிய இரண்டில் இப்போது இல்லாத மற்றதைத் தெரிவு செய்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அழுத்த வளைவையும் அங்கேயே மாற்றலாம். அழுத்தி எழுதும் பழக்கமுள்ளவர் வளைவைக் கீழ்நோக்கி இழுத்தால், சாதாரண அழுத்தத்தில் கோடு தடித்துவிடாது. மென்மையான கையுள்ளவர் மேல்நோக்கி இழுக்க வேண்டும். கை நடுங்கினால் தூரிகைக் கருவியின் தெரிவுகளில் ஸ்டெபிலைசரை இயக்கலாம், ஆனால் அதை அதிகமாக வைத்துப் பழகிவிட்டால் தாளுக்குத் திரும்பும்போது கை சோம்பிவிடும். குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி இல்லாத மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹுயோன், எக்ஸ்பி-பென் நிறுவனங்களின் சில மாதிரிகள் ஓடிஜி இணைப்பு (யுஎஸ்பி கருவியைத் தொலைபேசியில் நேரே செருகும் வசதி) மூலம் அண்ட்ராய்டு தொலைபேசியோடு வேலை செய்யும். தொலைபேசியை நிமிர்த்தி வைத்தால் பலகையின் ஒரு சிறு பகுதி மட்டுமே பயன்படுவதால், திரையைக் கிடையாகத் திருப்பி வரைய முடியுமா என்பதை வாங்குவதற்கு முன் உங்கள் தொலைபேசியிலேயே சோதியுங்கள்.

தாளிலிருந்து பலகைக்கு

இரண்டையும் இணைக்கும் மலிவான வழி ஒன்றை நான் பல ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும்போது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் மீளக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயிலின் தூண்களை, கோயிலாரிடம் கேட்டுக்கொண்டு, மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்து வருவேன். வீட்டில் அந்தத் தாளைப் பலகையின்மேல் வைத்து, நகராதபடி ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டி, பலகைக்குரிய பேனையின் பிளாஸ்டிக் முனையால் பென்சில் கோட்டின்மேல் தடம் பிடித்தபடி வரைவேன். மின்காந்த முறையில் இயங்கும் பலகைகள் பல, மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் உயரத்திலும் முனையை உணர்வதால், ஒரு தாள் இடையில் இருப்பது அவற்றுக்குத் தடையாகாது. கண் திரைக்குப் போகாமல் தாளிலேயே இருப்பதால் கல்லின் வளைவும் பூவிதழின் திருப்பமும் முதல் வரைவில் இருந்த உயிரோடு திரைக்கு வந்துசேரும். விகிதம் சரியாக அமைக்கப்பட்டிருப்பது இதற்குக் கட்டாயம். இல்லாவிட்டால் தூண் பருத்துவிடும். தடம் பிடிக்கத் தொடங்கு முன், தாளில் நான்கு மூலைகளிலும் சிறு சிலுவைக் குறியிட்டு அவற்றையும் முதலில் பதிந்துகொள்ளுங்கள். தாள் விலகினால் அந்தக் குறிகளைக் கொண்டு மீண்டும் அதே இடத்தில் வைக்கலாம். தாள் சொரசொரப்பானது என்பதால் முனை விரைவில் தேயும். தேய்ந்து சரிவான முனை பலகையைக் கீறிவிடும். நகத்தால் தடவிப் பார்த்துக் கூர் விளிம்பு தட்டுப்பட்டதும் மாற்றிவிடுங்கள்.

கொழும்பின் காலநிலையில்

கடலோரத்தில் வசிப்பவர்கள் உப்புக்காற்றையும் ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. யுஎஸ்பி முனைகளில் பச்சை பிடிப்பதை நான் என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். பலகையையும் வடத்தையும் திறந்த மேசையில் விடாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் வையுங்கள். வியர்வை படிந்த பலகையில் கை ஒட்டிக்கொண்டு கோடு தடைப்படும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மூடும் வரைவதற்கான கையுறை ஒன்று அணிந்தால் போதும், பழைய காலுறையை வெட்டியும் செய்துகொள்ளலாம். புள்ளித் தாள் கொப்பியும் ஈரம் உறிஞ்சும்; நெளிந்த தாளில் கமராவுக்கும் புள்ளிக்கும் இடையிலான தூரம் மாறுவதால், அலுமாரியில் பாரமான புத்தகங்களுக்கு இடையில் வைத்துச் சமமாகப் பேணுங்கள்.

மின்சாரம் இல்லாத நேரத்தில் டிஜிட்டல் பேனைக்கு ஒரு மேன்மை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, வரைபலகை மடிக்கணினியின் பற்றரி முடிந்ததும் நின்றுவிட்டது; பேனையோ ஜன்னல் வெளிச்சத்தில் நாள் முழுவதும் வரைந்த எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் வைத்திருந்து, மின்சாரம் வந்த பின் தொலைபேசிக்குக் கொடுத்தது. அதன் உள்ளே இருப்பது லிதியம் பற்றரி என்பதால், முற்றிலும் வெறுமையாகிய நிலையில் மாதக்கணக்கில் வைத்திருக்காமல், பயன்படுத்தாத காலத்திலும் பாதியளவு ஏற்றி வையுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஒருபோதும் விடாதீர்கள்.

முடித்த படத்தை அச்சகத்துக்குக் கொடுக்கும்போது, கிரிட்டாவின் சொந்தக் கோப்பை எல்லா அடுக்குகளோடும் உங்களிடம் தனியே வைத்துக்கொண்டு, அச்சுக்கு 300 புள்ளி அளவிலான டிஃப் பிரதி ஒன்றைக் கொடுங்கள். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சு மையில் மங்கும் என்பதால், முழுப் பிரதியும் அடிக்குமுன் ஒரு மாதிரித் தாளைக் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.